விதவை கட்டிய கல்லூரி

என் அண்ணன் படித்த இங்கிலாந்துக் கல்லூரியின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் மதுரையைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் அங்கே எது எரிந்தது, எந்த ராஜா வந்து தங்கினார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். காரணம் அப்பா. அண்ணன் சீமையிலிருந்து திரும்பிய பிறகு, பெரியகுளத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவனை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார். ஆண்கள் முன்னறையில் இருப்பார்கள். நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நிற்போம்.

அம்மாவின் மாந்தோப்பை விற்றுத்தான் அண்ணன் கப்பலேறினான். மலையடிவாரத்தில் அவளுக்குச் சீதனமாக வந்த தோப்பு. கதையில் அது ஒருநாளும் வந்ததில்லை. "நான்ல படிக்க வச்சேன்" என்று அப்பா மார்தட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நான் எட்டாவது முடித்திருந்தேன். மதுரையில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்க வேண்டும் என்று கேட்டேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா மசியவில்லை.

ஒருநாள் தாசில்தார் வந்திருந்தார். எரிந்தது நூலகமா, சாப்பாட்டுக் கூடமா என்று அண்ணன் தடுமாறினான்.

"நூலகம்ணே" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து. அத்தோடு விட எனக்கு மனசில்லை. "காலேஜ ஆரு கட்டுனதுன்னும் சொல்லுங்கண்ணே."

"ஒரு பணக்கார விதவை. சொத்து பூராத்தையும் எழுதி வச்சாக. இன்னைக்கும் அவுக பேரச் சொல்லிட்டுத்தேன் சாப்பிட உக்காருவாக."

"அங்கன பொம்பளைக படிக்கலாமாண்ணே?"

"அதெப்படி? ஆம்பளைகளுக்கு மட்டுந்தேன்."

தாசில்தார் சிரித்தார். "ஏ, அந்தக் கதவச் சாத்துங்கடி" என்றார் அப்பா.

வெளியாட்கள் முன் வாயே திறக்காத அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "கட்டுன அந்தம்மா இப்ப எங்கனய்யா இருக்காக?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"சாப்பாட்டு ஹால்ல பெரிய படமா மாட்டிருக்காகம்மா."

"அப்ப படமானாத்தேன் உள்ள விடுவாகளாக்கும்."

அப்பா எழுந்து வந்து கதவை அடித்துச் சாத்தினார். அன்றிரவு அம்மா என் தலையைத் தடவி, "எங்கிட்ட இன்னொரு தோப்பு இல்லையே ஆத்தா" என்று அழுதாள். பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. தை மாதம் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சில வருஷங்களில் அம்மா இறந்தாள். அண்ணன் அவள் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டினான். உறவுக்கார ஆண்களெல்லாம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். படம் நல்ல எடுப்பாக இருக்கிறதென்று அப்பா சொன்னார். என்னைக் கும்பிடச் சொன்னார்கள். நான் கும்பிடவில்லை.

ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும்போது அம்மா அந்த அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான்.