வெளியே தள்ளிய சக்கரம்

போன மாதம் அரவேணுவில் ஒரு கடை வாசலில் நின்று சண்டை போட்டேன். விற்பனையைப் பார்த்துக்கொள்ள நின்ற மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. புதிதாக வந்திருந்த குட்டி டிராக்டரை நான் சும்மா வேடிக்கை பார்த்தேன். அவராகவே பக்கத்தில் வந்து, "ஏனுங்க, நம்ம மேட்டுக்காட்டுக்கு இதுதானுங்க செரி. சக்கரத்த வெளிய தள்ளிப் போட்டுக்கலாமுங்க. எந்தச் சரிவுலயும் கவுறாதுங்க" என்றார். "வண்டி கவுறாது. ஓரமா நடந்து போறவங்க என்ன பண்றதுங்க?" என்று நான் கேட்ட வேகத்தில் மனிதர் ஓரடி பின்னால் போய்விட்டார். "காத்தால மாத்திரை போட்டீங்களா இல்லியா?" என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லாம் அந்தப் புது டயரின் ரப்பர் வாசனை செய்த வேலை. அது மூக்கில் ஏறினால் நான் நேராக எங்கள் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவேன். காரமடையிலிருந்து மலையேறி வந்து ஃபிட்டராகச் சேர்ந்த புதிது அப்போது. எஸ்டேட்டின் பெயர் வேண்டாம், அது கை மாறிக் கை மாறிப் பெயரும் போய்விட்டது. ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஒர்க்‌ஷாப். ஒரு பக்கம் வாடும் தேயிலைக் கொழுந்தின் வாசனை, மறுபக்கம் கியர் ஆயிலின் நாற்றம். தூக்குப்போசியில் கொண்டுபோகும் சாம்பாரிலும் ஆயில் மணக்கும். அதையும் சப்புக்கொட்டித் தின்ற வயது.

சிலோனிலிருந்து ஜனங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாட்டன் காலத்திலிருந்து அங்கே தேயிலை கிள்ளியவர்களை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டன. ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் எஸ்டேட்டில் கூலி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம்; கடைசி லயம் முழுக்க அவர்கள்தான். அங்கே இந்தியாக்காரன் என்று துரத்தினார்கள், இங்கே சிலோன்காரன் என்று கூப்பிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் கூடையைச் சுமக்கும் விதமே தனி. கயிற்றைத் தலையில் மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிடுவார்கள். நிறைந்த கூடையை இறக்கினால் மறுபடி தூக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் இறக்கவே மாட்டார்கள். டிராக்டர் வரும் சத்தம் கேட்டால் பாதையின் மேட்டுப் பக்கம் ஒதுங்கி, கூடையின் அடிப்பாகத்தை மண்சுவரில் முட்டுக்கொடுத்து அப்படியே சாய்ந்து நிற்பார்கள். பாரம் மண்ணுக்குப் போய்விடும், கழுத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. வண்டி போகிற நேரத்தில் நின்றால் சூப்பர்வைசரும் கத்த முடியாது. டிராக்டர் ஓட்டும் ராஜுவும் வேண்டுமென்றே மெதுவாக உருட்டுவான். "என்னா ராஜு, டிராக்டருக்கும் கால்வலியா?" என்று பாக்கியம் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

பாக்கியத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சிலோனில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் அங்கேயே செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகளோடு லயத்தின் கடைசி அறையில் இருந்தாள். எஸ்டேட் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பதிவேட்டில், பேர் இருந்தால்தான் லயத்தில் அறை. பேர் போனால் அறையும் போகும். அவள் வீட்டில் பேர் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்து ஏற்றி வரும்போது டிராக்டர் வளைவில் பள்ளத்துப் பக்கம் கவிழ்ந்தது. ராஜு குதித்துத் தப்பினான். எஸ்டேட் மேனேஜரான துரை ஓடி வந்து முதலில் பார்த்தது சிதறிக் கிடந்த கொழுந்தைத்தான். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, பின்சக்கரத்தை வெளியே தள்ளிப் போட உத்தரவு போட்டார்.

அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சக்கரத்தின் நடுத்தட்டு ஒரு பக்கமாகக் குழிந்திருக்கும். இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினால் குழிவு திசைமாறி, டயர் அந்த அளவுக்கு வெளியே போய்விடும். மேதாவியான நான் முதலில் அந்தந்தப் பக்கத்திலேயே திருப்பி மாட்டினேன். டயரின் பட்டை பின்பக்கம் பார்த்தது, அப்படி இருந்தால் மண்ணைப் பிடிக்காது. அதோடு சேற்றில் இறக்கியிருந்தால் வண்டி நின்ற இடத்தில் நெல் நட்டிருக்கலாம்.

சக்கரம் அகன்றால் வண்டி சரிவில் காலை விரித்து நிற்கும், உண்மைதான். வளைவில் சக்கரம் மேலே தூக்குவது நின்றது. ஆனால் ஒன்றைக் கொடுத்தால் இயந்திரம் இன்னொன்றைக் கேட்கும். பாரம் பேரிங்கை விட்டுத் தள்ளித் தொங்குவதால் பேரிங் சீக்கிரம் தேயும், ஆயில் கசியும். அதைக்கூட நான் பார்த்துக்கொள்வேன். முன்சக்கரம் பழைய இடத்தில் இருக்க, பின்சக்கரம் மட்டும் அதைவிட வெளியே ஓடும். மட்கார்டும் பழைய இடம்தான், டயர் அதற்கு வெளியே மொட்டையாகச் சுற்றும். துரையிடம் போய்ச் சொன்னேன்.

"சார், முன்சக்கரத்தையும் அகலப்படுத்தோணுங்க. மட்கார்டயும் வெளிய தள்ளிப் போடோணும். அந்த வளைவுல மேட்ட கொஞ்சம் வெட்டி உட்டா நல்லதுங்க, பொம்பளைங்க நிக்கற எடமுங்க."

"டிராக்டர் இனிமே கவுறாதுல்ல?"

"கவுறாதுங்க."

"அப்ப போ."

நான்கு நாள்கூட ஆகவில்லை. அதே வளைவு. பாக்கியம் நிறைந்த கூடையோடு மேட்டில் சாய்ந்து நின்றாள். முதுகை மண்ணில் சாய்ப்பவர்களின் கால் முன்னால்தான் நீளும். அவளுக்குத் தெரிந்த இடைவெளி பழைய டிராக்டரின் இடைவெளி. முன்சக்கரம் அவளைத் தாண்டிப் போயிற்று. தாண்டிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ராஜுவும் மட்கார்டைப் பார்த்து, இடம் இருக்கிறது என்று ஓட்டினான். பின்சக்கரம் அவள் வலது காலின் விரல்கள் மேல் ஏறி இறங்கியது. ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

குன்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் குதிகாலை ஊன்றி நடந்து திரும்பி வந்தாள். சரிவில் நின்று கொழுந்து கிள்ள முடியாது. "டிராக்டர் பாதையில காலை நீட்டிக்கிட்டு நின்னா யார் பொறுப்பு?" என்றார் துரை. செக்ரோலிலிருந்து பேரை எடுக்கச் சொன்னார். பாதை டிராக்டருக்கு என்று எப்போது எழுதி வைத்தார்களாம்? அந்தப் பாதையை முதலில் கால்தானே போட்டது!

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்கள் ஒருவரும் மலைக்குப் போகவில்லை. காலிக் கூடைகளோடு அப்படியே நின்றார்கள். கேட்டது இரண்டே விஷயம். சக்கரத்தைப் பழையபடி உள்ளே போட வேண்டும். பாக்கியத்துக்குப் புள்ளக்காம்பராவில், அதாவது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில், உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும். கொழுந்து முற்றும் நேரம். துரை முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். அங்கேயே, அவர்கள் கண்ணெதிரில், என்னை ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு நட்டையும் கழற்றித் தரையில் விட்டெறிந்தேன். அவ்வளவு கோபம். இரண்டு கோரிக்கையில் காசில்லாத ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, வள்ளல் மாதிரி நின்றாரே அந்த மனுஷன்!

பாக்கியம் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி நட்டை முடுக்கியதும் எழுந்து வந்தாள்.

"தம்பி, இந்த சக்கரத்துக்கு வெளிய ஒரு எடம் இருக்கு. அங்க ஏலாதுன்னா உள்ளுக்கு ஒரு எடம் இருக்கு. எனக்கு அங்கயும் ஏலாது, இங்கயும் ஏலாதுன்னா எப்படி தம்பி?"

என்னைத்தான் கேட்டாள், ஆனால் பார்த்தது துரையை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து பதில் வரவே இல்லை. மாதக் கடைசியில் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் இருவரும் பாத்திர மூட்டையைத் தூக்க, அவள் குதிகாலால் நடந்து பஸ்ஸுக்குப் போனாள். தேவாலாப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பிறகு இரண்டு தடவை கூடலூருக்கும் தேவாலாவுக்கும் போய் விசாரித்தேன். சிலோனிலிருந்து வந்த பாக்கியங்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்கள் பாக்கியத்தைத் தெரிந்தவர் யாருமில்லை.

இப்போது அந்தப் பக்கம் தேயிலை இல்லை. ஃபேக்டரியைப் பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். லயத்தை இடித்துவிட்டு விருந்தாளிகள் தங்க வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வளைவில் மேட்டை இயந்திரம் வைத்து அறுத்து எடுத்துவிட்டார்கள், ஒரே காலையில் முடிந்த வேலையாம். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தாலும் தாராளமாகப் போகலாம். ஒதுங்கி நிற்கத்தான் ஆள் இல்லை.