கோமதி கட்சி மாறவில்லை

கோமதி போய்விட்டாள். நேற்று முன்தினம் காலையில், கல்கத்தா டாக்குரியாவில் அவள் வீட்டில், தூக்கத்திலேயே.

இதை மட்டும் எழுதிவிட்டு ஓரமாக உட்கார்ந்து அழலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் மியூசிக் குரூப்பில் ஒரு போஸ்ட் பார்த்தேன்... அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

குரூப்பில் உள்ள ஒரு தாதா கோமதியின் போட்டோவைப் போட்டிருக்கிறார். பெங்காலியில் அண்ணன் என்றால் தாதா, அக்கா என்றால் தி. நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் பெரிய கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர். "கடைசியில் கோமதி-தியும் உண்மையான சத்தத்துக்குத் திரும்பிவிட்டார்" என்று மேலே எழுத்து. கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள்.

பொய்.

அந்த ஆம்ப்ளிஃபயர் என்னுடையது. அது அங்கே எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காக... நானும் கோமதியும் சால்ட் லேக்கில் ஒரே பொதுத்துறை ஆபீஸ், எலக்ட்ரிகல் பிரிவு. அவள் திருநெல்வேலி, நான் கோயம்புத்தூர். எங்கள் தளத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். அந்தத் தமிழ் முழுவதையும் ஆம்ப்ளிஃபயர் சண்டைக்கே செலவழித்தோம்.

நான் பழைய கட்சி, கிளாஸ் ஏ. ஆம்ப்ளிஃபயர் என்றால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், பாட்டே போடாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலும் சுட வேண்டும். அவள் கிளாஸ் டி. டிபன் பாக்ஸ் அளவு. நாள் முழுக்கப் பாடினாலும் தொட்டால் சூடே தெரியாது.

டாலிகஞ்சில் இன்னொரு தாதா வீட்டில் குரூப் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். முதல் நாளே ஒருவர், டி என்றால் டிஜிட்டல்தானே, அதில் எப்படி இனிமை வரும் என்று கேட்டார். ஏ, பி, சி தீர்ந்துபோனதால் டி என்று பெயர் வைத்தார்கள், டிஜிட்டலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று பெங்காலியிலேயே திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர்களுக்கு அவள் மேல் ஒரு கண்.

நான் வேறு மாதிரி சண்டை போடுவேன். ஒருநாள் அவள் வீட்டில் வீணை போட்டாள். பின்னணியில் துளி இரைச்சல் இல்லை. ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் கேட்டது. அதெல்லாம் சரிதான்.

"கம்பி கேக்குது, குடம் கேக்கலை. வறட்டுச் சத்தம்" என்றேன்.

"குடம் வேணும்னா பாத்திரக் கடைக்குப் போளா" என்றாள்.

இன்னொரு நாள் இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் திரைக்குப் பின்னால் வைத்து, அவள் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாவை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாள். எது எது என்று நான் சொல்ல வேண்டும். முதலில் சரியாகச் சொன்னேன்... "குருட்டாம்போக்குல சொல்லுத, இன்னும் போடுங்க" என்றாள். அடுத்து தப்பாகச் சொன்னேன். "இப்ப சரியா கேக்குத. வா, சாப்புடு!"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டேன்.

இப்போது அந்த போட்டோ.

கீமோ முடிந்த ஜனவரி. கல்கத்தாக் குளிர் அப்படியொன்றும் பெரிதில்லை, ஆனால் அவளுக்குக் கால் இரண்டும் விறைத்துப்போகும். பிளோயர் ஹீட்டர் வாங்கி வைத்தார் அண்ணா. அது போடும் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியவில்லை என்று அணைத்துவிட்டாள். பிறகு எனக்கு போன்.

"ஏட்டி மல்லிகா, உன் அடுப்பக் கொண்டாந்து வையி. சத்தம் போடாம சுடும்லா. அதுக்கு இப்பதான் தோதான வேல வந்துருக்கு."

டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன். லிஃப்ட் இல்லாத கட்டடம். நானும் அண்ணாவும் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கினோம். காலடியில் வைத்து பிளக் மட்டும் சொருகினோம். ஸ்பீக்கர் வயர் இல்லை. பாட்டு வருகிற வயரும் இல்லை. அவள் ஸ்டூலில் காலைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் உன் ஆம்ப்ளிஃபயர் நல்லாருக்குட்டி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் போஸ்ட் போட்ட தாதா ஆரஞ்சுப் பழத்தோடு அவளைப் பார்க்க வந்தார். போட்டோ எடுத்தார். கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

போட்டோவை ஜூம் செய்து பாருங்கள். அவள் தலைக்குப் பின்னால், ஷெல்ஃபில் ஒரு சின்ன நீல லைட் தெரியும். அதுதான் கிளாஸ் டி. அதுதான் பாடிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் நான் அவளை மாற்றப் பார்த்தேன். திட்டினேன், கெஞ்சினேன், என் வீட்டுக்குக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் கேட்க வைத்தேன். அசையவில்லை. என்னால் முடியாததை உங்கள் ஒரு போட்டோ சாதித்துவிட்டதாக்கும்?

உங்கள் கட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அவளை விடுங்கள். இனி அவளால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்த பிறகு கட்சியில் சேர்க்காதீர்கள். போஸ்டை எடுங்கள் தாதா.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணா அவளுடைய ஆம்ப்ளிஃபயரில் மெதுவாக வீணை போட்டிருந்தார். சாவு வீட்டில் பாட்டா என்று ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் முணுமுணுத்தார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார் அண்ணா.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை.

"வறட்டுச் சத்தம்தானுங்கண்ணா" என்றேன்.

உறவினர் முறைத்தார். அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார்.

போய்ட்டு வாடி கோமதி.