வெயில் காய்ந்த ஈஸ்ட்

ராஜகுமாரி குளிருக்குப் பேர்போன மஞ்சூர்க்காரி. ஈரத் துணி, மிளகாய், தன் முதுகு என்று எதுவானாலும் வெயில் விழும் பக்கம் கொண்டுபோய்விடுவாள். ஊட்டிக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. இந்த இம்சையை நானல்லவா பார்க்கிறேன்!

ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட்தான் அவளுக்கு ஆராய்ச்சி. அதன் டிஎன்ஏவில் அடிபட்டால் பழுதுபார்க்க ஒரு மரபணு உண்டு. ஒரு வருடம் பாடுபட்டு, அந்த மரபணு இல்லாத ஈஸ்ட்டை உருவாக்கியிருந்தாள். புற ஊதா ஒளியைக் காட்டினால் அது சாக வேண்டும். சாகாவிட்டால் மரபணு நீங்கவில்லை, உழைப்பெல்லாம் வீண்.

அதுவோ ஒவ்வொரு முறையும் ஜம்மென்று வளர்ந்து நின்றது.

"கடைசியா ஒருக்கா பாருங்க. அப்பவும் வளந்துச்சுன்னா கொட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கலாம்" என்றார் வழிகாட்டி தினகரன் சார். கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மறுநாள் எதிரில் வருகிற ஆள் தெரியாத மூடுபனி. ஒளி காட்டிய ஈஸ்ட் பிளேட்டுகளை, கதகதப்பில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை வந்து அதைத் திறந்தவள் போட்டாளே ஒரு கூச்சல்!

"செத்துப்போச்சுங்க சார்! எல்லாமே செத்துப்போச்சு!"

வாட்ச்மேன் மாரிச்சாமி பதறியடித்து ஓடிவந்தார். "ஏனுங்க, யாருங்க செத்தது?"

சார் பிளேட்டை வாங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டது போல இருந்தது. "அப்புறம் இத்தன நாளா எப்படிப் பொழச்சுது? இப்ப என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலைங்க சார். அன்னிக்கு வெயில் இல்ல, அதனால ஜன்னல்ல வெக்கல."

"ஜன்னல்லயா?"

"இன்குபேட்டர் சூடாக நேரமாகுமுங்களே. பாவம், குளுருமேன்னு அதுவரைக்கும் வெயில் காய வெப்பனுங்க."

சார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளிச்சம் பட்டால் மட்டும் பழுதுபார்க்கிற வேறொரு மரபணுவும் ஈஸ்ட்டில் இருக்கிறதாம். சாக வேண்டியதை எல்லாம் இவளே வெயிலில் வைத்துப் பிழைக்கவைத்திருக்கிறாள்! இனிமேல் இருட்டில்தான் வைக்க வேண்டும் என்றார். எதையும் கொட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அவள் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, ஈஸ்ட் எல்லாம் செத்துருச்சும்மா!"

"ஐயோ, அழுவாதடி கண்ணு. சார்கிட்ட நான் வேணா பேசட்டுமா?"

"அது செத்ததாலதாம்மா நான் பொழச்சேன்!"