இரும்பக்காவுக்குப் பிடிக்காத பாட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க ரெண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக என் எதிரே நிற்பவர் இரும்பக்கா. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு என்றால் நானூறு தடவை நேருக்கு நேர் முகம் பார்க்கிறோம். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷின் இரைச்சலுக்காகக் காதை மூடிக்கொள்ள எங்களுக்கு ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதற்குள்ளே இயர்போன் வைத்துப் பாட்டுக் கேட்பார். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருநாள் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கு!" என்றார்.

"தகரம் இல்ல சார், இரும்பு" என்றார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல். அன்றிலிருந்து அவர் இரும்பக்கா.

ஹெவி மெட்டல் என்று பேர், கிடாரும் டிரம்மும் கத்தலுமான வெளிநாட்டுப் பாட்டு. அதிலும் ஒரே ஒரு பேண்ட். எங்கோ தூர தேசத்தில் இருக்கும் நாலு பேர். அக்காவுக்கு அவர்கள் "நம்ம ஆளுங்க." அவர்களில் ஒருத்தருக்கு முதுகுவலி என்று செய்தி வந்தால், எங்களுக்கு மதியச் சாப்பாட்டின்போது அந்த முதுகுவலிதான் பேச்சு.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா பதினொரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதற்குள் கல்யாணப் பேச்சே வீட்டில் தேய்ந்து போய்விட்டது. அந்தப் பேண்டின் கேசட்டை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய தம்பி. நாலு வயது இளையவர். பக்கத்து அறையில் அம்மா தூங்குவார் என்று, அக்காவும் தம்பியும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டிக் கேட்பார்களாம். "எனக்கு அழக்கூட நேரம் இல்லடி. எனக்குப் பதிலா அவன் கத்தினான்" என்று பாடகனைப் பற்றி ஒருதரம் சொன்னார்.

தம்பி இப்போது மூணு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் கடை. நடுவில் நிறையக் குடித்தார். கை நடுங்கும் ஆளால் கண்ணாடி வெட்ட முடியுமா? ஒருநாள் உள்ளங்கையே கிழிந்து, பதினாறு தையல். அதற்குப் பிறகுதான் விட்டார். விட்டு நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்குப் போன் செய்வார். ஒரு மணி நேரம் பேசுவார்கள். எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டில் டிரம் எப்படி விழுகிறது, எந்தக் கச்சேரியில் கிடார் கம்பி அறுந்தது என்றுதான் அந்த ஒரு மணி நேரமும் போகும். பொண்டாட்டி சௌக்கியமா, குழந்தை சௌக்கியமா என்பதெல்லாம் கடைசி அரை நிமிஷம்.

போன வருஷம் பேண்டில் டிரம் வாசித்தவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. நன்றி என்று ரெண்டு வரி போட்டார்கள், அவ்வளவுதான். அக்கா ஒரு வாரம் துக்க வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். அப்புறம் புது ஆல்பம் வந்தது. அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வந்து விரிப்பின் முனையைப் பிடித்தவர், என் தோள்பட்டை கழன்றுவிடும்போல ஓர் இழுப்பு இழுத்தார்.

"என்னக்கா, பாட்டு எப்படி?"

"மூணு தடவை கேட்டேன். முதல் தடவை வேற யாரோடதையோ மாத்தி வாங்கிட்டேன்னு நெனச்சேன். பியானோ வெச்சிருக்கான். பின்னாடி நாலு பொண்ணுங்க ஆஆன்னு இழுக்குறாங்க. இவன் பல்லுவலிக்காரன் மாதிரி முனகுறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. நானும் அன்று மாலை ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இருபது வருஷமாக அந்தப் பேண்டைத் திட்டினவர்கள் எல்லாரும் இப்போது அதைக் கேட்டார்கள். பல் டாக்டர் கிளினிக்கில்கூட ஓடியது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

பழைய ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் அக்கா மூத்த ஆள். ஒருநாள் உட்கார்ந்து நீளமாக எழுதிப் போட்டார். எனக்கும் வாசித்துக் காட்டினார். "புலி பல்லைக் கழட்டி வெச்சிட்டுப் பால் கேக்குது" என்று ஆரம்பம். மாறினவன் எல்லாம் ஓடிப்போனவன், ஓடிப்போனவனுக்குப் பழைய பேரைச் சொல்லிக்கொள்ள உரிமை கிடையாது என்று முடிவு. ஆயிரக்கணக்கான பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். ரெண்டு நாள் அக்கா முகத்தில் ஒரு மினுக்கம்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் தம்பி கூப்பிட்டார். ஞாயிறு இல்லாத நாளில் அவர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. இரைச்சலில் கேட்காது என்று அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அதை எழுதினது நீயாக்கா?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"எடுத்துடேன்."

"ஏன் எடுக்கணும்?"

"எனக்கு இந்த ஆல்பம் பிடிச்சிருக்குக்கா."

அக்கா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "உனக்குக் காது போயிடுச்சா?"

"பழசை என்னால கேக்க முடியல. அந்த முதல் பாட்டு ஆரம்பிச்சாலே வாய் காயுது. கை தானா கிளாஸைத் தேடுது. விட்ட நாள்ல இருந்து பழைய பாட்டு ஒண்ணுகூட நான் கேக்கல."

"பொய். வாரா வாரம் பேசினோமே?"

"ஞாபகத்துல இருந்து பேசினேன்."

"நாலு வருஷமா?"

"உனக்கு வேற பேச்சு இல்லையேக்கா" என்றார் தம்பி. குரலில் கோபமே இல்லை. "இவங்க மாறினது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நானும் பயமில்லாம கேக்கலாம். அதைப் போய் ஓடிப்போனவன்னு எழுதியிருக்கே. நானும் மாறினவன்தானே?"

அப்போது அக்கா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"குடிச்சப்பவாவது நீ என் தம்பியா இருந்தே."

அந்தப் பக்கம் போன் அணைந்தது. அக்கா எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பாடு அப்படியே இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். விரிப்பு மடிக்கப் போய்விட்டோம்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்கா கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேண்ட் எங்கள் ஊருக்கு வந்தது. தம்பி ரெண்டு டிக்கெட்டை எப்போதோ வாங்கி அனுப்பியிருந்தார். அவர் இடத்தில் நான் போனேன். காதில் பஞ்சும், பையில் தலைவலி மாத்திரையும் வைத்துக்கொண்டு.

விளையாட்டு மைதானம் நிறையக் கூட்டம். பாதிப் பேர் எங்கள் சூப்பர்வைசர் வயசு, மீதிப் பேர் அவர் பிள்ளைகள் வயசு. புதுப் பாட்டுகளைப் பாடும்போது சின்னப் பிள்ளைகள் கூடப் பாடினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு பழைய பாட்டை எடுத்தார்கள். அக்காவின் கட்டின கை அவிழ்ந்தது. புதுப் பாட்டுகள் மாதிரி மெதுவாக இல்லை, பியானோ இல்லை, அந்தக் காலத்தில் எப்படியோ அப்படியே.

பாடகரால் முடியவில்லை. அந்த உச்சத்துக்குக் குரல் ஏறவில்லை. ஒருதரம் முயன்றார், இருமல் வந்தது. ரெண்டாம் தரம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டு, தான் குனிந்து முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். பெரிய திரையில் அவர் முகம் தெரிந்தது. கழுத்து நரம்பும், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும். அறுபதை நெருங்கும் ஒரு மனுஷன். சுற்றி எல்லாரும் அவருக்குப் பதிலாகக் கத்தினார்கள். அக்கா கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும், கூட்டம் கலைவதற்குள், கம்பி வேலியோரம் நின்று தம்பிக்குப் போன் போட்டார். தம்பி பொண்டாட்டி எடுத்தாள்.

"அவர் இருக்கார் அண்ணி. தூங்குறார்."

"இவ்வளவு சீக்கிரமா?"

"அந்தப் புதன்கிழமை கடையில இருந்து நேரா வீட்டுக்கு வரல. ரெண்டு நாள் வரல. வந்தப்போ... பழையபடிதான் வந்தார். இப்போ மறுபடி நிறுத்தியிருக்கார். டாக்டர்கிட்ட போறார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னார்."

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதானா?" என்றார்.

"எனக்குத் தெரியல அண்ணி" என்றாள் அவள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று ராத்திரியே எழுதினதை அழித்துவிட்டதாக அக்கா சொன்னார். ஆனால் ஆயிரம் பேர் எடுத்து வைத்திருப்பதை யார் அழிப்பது? திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை எனக்கு அப்புறம் விரிப்பு மடிக்கும்போது துண்டு துண்டாகச் சொன்னார். நான் கோர்த்துச் சொல்கிறேன்.

கடையில் தம்பி மேஜைமேல் கண்ணாடியைப் படுக்க வைத்து அளவு குறித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நான் சொன்னது தப்புடா."

"சொன்னது தப்பா, நெனச்சது தப்பா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். தம்பி குடித்த காலத்தில்தான் ராத்திரியெல்லாம் போனில் பேசுவார், அழுவார், அக்கா என்று ஆயிரம் தரம் கூப்பிடுவார். குடியை விட்ட பிறகு, பாட்டைத் தவிர மற்றதை அளவாகப் பேசும் ஆளாகிவிட்டார். அந்த ஆளை அக்காவுக்குச் சரியாகத் தெரியாது.

"உனக்குப் பிடிச்ச ஒண்ணைப் போடு" என்றார் கடைசியில்.

தம்பி போனில் புது ஆல்பத்தின் நாலாவது பாட்டைப் போட்டு மேஜை மேல் வைத்தார். ஆறு நிமிஷம். அக்கா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"எப்படி?"

"பிடிக்கலடா."

தம்பி சிரித்தார். அக்காவும் சிரித்தாராம். அதற்குள் ஒரு ஆள் உடைந்த ஜன்னல் சட்டத்தோடு வந்துவிட்டார், பேச்சு அதோடு நின்றது. மாலைப் பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தபோது தம்பியின் கை நடுங்கியதை அக்கா பார்த்தார். பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதையும் பார்த்தார்.

இப்போது ஞாயிறு போன் மறுபடி வருகிறது. நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். குழந்தைக்குப் பல் விழுந்தது, கடைக்கு எதிரே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இந்த மாதிரி. அக்காவுக்கு என்ன கேட்பது என்று தெரிவதில்லை. சனிக்கிழமையே என்னிடம், "நாளைக்கு எதைப் பத்திடி பேசுறது?" என்கிறார். நானும் யோசித்துச் சொல்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி பொண்டாட்டியிடமிருந்து போனில் ஒரே ஒரு சொல் வரும். "வந்துட்டார்." அது வந்த பிறகுதான் அக்கா வேலை உடுப்பை மாற்றுவார். நேற்று ஆறேகால் ஆகியும் வரவில்லை. ஆறரை ஆனது. அக்கா உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பஸ் போய்விட்டது. நானும் உட்கார்ந்தேன். ஆறு நாற்பதுக்கு அந்தச் சொல் வந்தது. அக்கா எழுந்து, பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.