காரில் வந்த கவுச்சி வாடை

என் கணவருக்கு அவருடைய அக்காவின் சிறுநீரகத்தைப் பொருத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது பிளெய்ன்ஸ்பரோ என்கிற அமெரிக்க ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் இருவேளை ஒரு மருந்து சாப்பிட வேண்டும். அதே மருந்து நாளடைவில் சிறுநீரகத்தின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கெடுக்கவும் கூடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். காவல்காரனே திருடுவான் என்று தெரிந்தும் அவனுக்குச் சோறு போடுகிற நிலைமை. அன்றிலிருந்து எனக்கு எதன்மேலும் முழு நம்பிக்கை வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் காரில் கவுச்சி வாடை அடித்தது. அவர்தான் தினமும் ரயில் நிலையம் வரை காரை எடுத்துப் போவார். நாங்கள் சைவம்; எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது.

"என்னங்க, கார்ல மீன் வாடை வருதே?"

"ஹீட்டர்ல ஏதோ கோளாறு. சர்வீஸ் விடறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆபீஸில் யாரோ மீன் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அவர் குளிக்கப் போகும்போது சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கோட்டுப் பையைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

பழம் என்றாலே முகம் சுளிக்கும் மனிதர், அந்தச் சமயத்தில் பம்ப்ளிமாஸ் ஜாதியில் கிரேப்ஃப்ரூட் என்கிற பழத்தின் ஜூஸ் வேண்டும் என்று கேட்டார். சந்தோஷமாக வாங்கிவந்து தினமும் ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தது. புதிதாக ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நர்ஸ் போனில் கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் இவர் இல்லை என்றார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்த சனிக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குக் கீழே, துணியில் சுற்றி, மீன் எண்ணெய் மாத்திரை பாட்டில்.

எழுப்பி முன்னால் வைத்தேன். எழுந்து உட்கார்ந்து பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ட்ரெயின்ல கூட வர்றவர் ஒருத்தர் சொன்னார். மருந்து கம்பெனில வேலை பண்றார். எலிங்களுக்கு மீன் எண்ணெய் குடுத்தா இந்த மருந்து கிட்னியை அவ்வளவா கெடுக்கறதில்லையாம். அந்தக் கொழுப்பு ரத்தக் குழாயைச் சுருங்க விடாதாம்."

"நீங்க எலியா?"

"அக்காவோட கிட்னி. அது போச்சுன்னா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? உன்கிட்ட சொன்னா வீட்டுக்குள்ள விட மாட்டே."

விட்டிருக்க மாட்டேன்தான்.

திங்கட்கிழமை அவரையும் பாட்டிலையும் டாக்டரிடம் இழுத்துப் போனேன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட தைரியம் எனக்கு. டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு, இப்படி ஒரு பேச்சு இருப்பது உண்மை, மனிதருக்குப் பலன் தருமா என்று உறுதியாகத் தெரியாது, ஆனால் இதனால் மருந்தின் அளவு இப்படி ஏறாது என்றார். பிறகு, எதோடு சேர்த்து விழுங்குகிறீர்கள் என்று கேட்டார்.

கவுச்சி தெரியாமல் இருக்க ஜூஸோடு என்றார் இவர். காலை மருந்தையும் அதோடுதான். என்ன ஜூஸ் என்று சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பழம் மருந்தை உடம்பு கரைத்து வெளியேற்ற விடாதாம். நாளுக்கு நாள் மருந்து உள்ளேயே சேர்ந்துபோகுமாம்.

சட்டையை முகர்ந்த நான், என் கையால் ஊற்றிக் கொடுத்ததைச் சந்தேகப்படவே இல்லை.

ஜூஸை நிறுத்தியதும் மருந்தின் அளவு இறங்கியது. கிரியாட்டினின் மெதுவாகக் குறைந்தது. டாக்டர் மேற்பார்வையில் எண்ணெயும் தொடர்ந்தது. அது ஏதாவது நல்லது செய்ததா என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

"பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமா?" என்று ஒருநாள் தயங்கிக் கேட்டார்.

"வெச்சுக்கங்க. தண்ணியோட, என் கண்ணெதிர்ல போடுங்க. ஆமா, அந்த ட்ரெயின்காரர் கம்பெனி என்ன விக்குதுன்னு கேட்டீங்களா? மீன் எண்ணெயா?"

"சுகர் மாத்திரை."

சரி என்றேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.