மீடியம் சைஸ் விஜயகுமாரி

நாற்பத்தொரு வயதில் மாரடைப்பில் போகும்வரை விஜயகுமாரி மீடியம் சைஸாகவே இருந்தாள். கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் அதை மாற்றவில்லை.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் சாம்பிள் மாஸ்டர் சீனிச்சாமி, கூட வேலை பார்த்த வேலாத்தாளிடம் டேப்பைக் கொடுத்து அவளை அளக்கச் சொன்னார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் கேட்ட மீடியம் அளவு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து தைத்த சாம்பிளைப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, எங்கே இறுக்குகிறது என்று சொல்வது அவள் வேலையானது. சம்பளம் அதேதான். ஆனால் உட்கார ஸ்டூல் உண்டு. நின்று நின்று நரம்பு சுருண்ட கால்களுக்கு அது பெரிய உத்தியோகம்.

பையர் அனுப்பும் ஃபேஷன் பத்திரிகைப் படங்களை மாஸ்டர் சுவரில் ஒட்டுவார். முதலில் வந்த பெண்களுக்கு இடுப்பு இருந்தது, சிரித்தார்கள். மேலே புதிது ஒட்ட ஒட்ட இடுப்பு போயிற்று, பிறகு சிரிப்பு. அளவுச் சீட்டில் மீடியமும் இளைத்துக்கொண்டே வந்தது. இரண்டாயிரத்து ஏழில் ஒரு டாப் அவள் தோளிலேயே நின்றுவிட்டது.

“ஏம்மா, தீபாவளிப் பலகாரம் பூரா நீதான் தின்னியா?”

“இல்லீங்க மாஸ்டர். அளந்து பாருங்க.”

வேலாத்தாள் அளந்தாள். பழைய அளவுதான்.

“நீ அப்படியேதாம்மா இருக்க. அவங்க இளைச்சுட்டாங்க. நான் என்ன செய்ய?”

ஸ்டூலுக்காக ஒரு மாதம் ராச்சோற்றை விட்டாள். கன்னம் ஒட்டியது. தோள் எலும்பு இளைக்கவில்லை.

அவளைச் செக்கிங்குக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அவள் இடத்துக்குத் தெற்கிலிருந்து வந்த மைதிலியைப் போட்டார்கள். பத்திரிகை கேட்ட உடம்பைக் கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு தயாராக வைத்திருந்தது. படத்திலிருந்தவர்களைப் போலவே முகமும் கடுகடுவென்று இருந்தது. பசி.

விஜயகுமாரி தினமும் இரண்டு டப்பா கொண்டுவந்தாள். “தின்னு கண்ணு, ஊட்டுல செஞ்சது.”

“ஏண்டி, பாசத்துலயா, பொறாமையிலயா?” என்றாள் வேலாத்தாள்.

“ரெண்டுந்தானுங்கக்கா.”

நாலு மாதத்தில் மைதிலி சிரிக்க ஆரம்பித்தாள். டாப் இறங்கவில்லை. மாஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மறுவாரம் தலையில்லாத ஃபைபர் பொம்மை ஒன்று வந்து இறங்கியது. அது சாப்பிடாது. இறுக்குகிறது என்றும் சொல்லாது. மைதிலியும் செக்கிங் டேபிளுக்கு வந்தாள்.

“கால் கடுக்குதுக்கா.”

“சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போறப்ப, அட்டைப்பொட்டி மேல ஒத்தக் காலைத் தூக்கி வெச்சுக்க கண்ணு. அப்பறம் மாத்திக்க.”