மகாதேவாவின் பேரில் ஒரு துப்பாக்கி

ஈஜோக்கிற்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவே இருந்த அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மகாதேவா பெரிய கிராணியார், ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். இருபத்தொன்பது வருட வேலையில் அவர் கையால் ஓர் எறும்பு செத்திருந்தால், அது அவர் பேரேட்டைப் படக்கென்று மூடியபோது நசுங்கியதாகத்தான் இருக்கும். வாரத்தில் ஏழு நாளும் சைவம். முட்டை வெந்த சட்டியில் தேநீர் கொதித்தால்கூடக் குடிக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுசன் பேரில் ஓர் இத்தாலித் துப்பாக்கி பதிவான கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வாய் கசக்கிறது.

அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள், துரைத்தனம் போகவில்லை. எண்பத்திரண்டில் மேனேஜராக வந்த ஆனந்தராஜாவும் மகாதேவாவைப் போல யாழ்ப்பாணத்து வழி வந்தவர்தான். வயது நாற்பதுகூட ஆகவில்லை. காலில் நீளக் காலுறை, வாயில் சுருட்டு, இடுப்பில் கை. தமிழ் அவர் வாயில் வருவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் 'மிஸ்டர் மகாதேவா'. ஏதாவது தேவைப்பட்டால் 'அண்ணை'.

எண்பத்து நாலில் ஒருநாள் ஆனந்தராஜா ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு வந்து கிராணியார் மேசையில் உட்கார்ந்தார். நாற்காலியில் அல்ல, மேசையில்.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

படத்தில் ஒரு துப்பாக்கி. குழல் குட்டை. முழுக் கறுப்பு. மரம் என்று பேருக்கும் ஒரு துண்டு இல்லை; பிடியை மடக்கி வைத்துக்கொள்ளலாமாம். எங்கோ ஒரு நாட்டில் கலகம் அடக்குகிற போலீஸ்காரனுக்காகச் செய்தது.

"இப்பிடி ஒண்டு சிலாங்கூரிலேயே ஒருத்தனிட்டையும் இல்லை. எனக்கு வேணும்."

"உங்களிட்ட ஏற்கனவே ஒரு துவக்கு இருக்கே, சேர்."

"அதுதான் கரைச்சல். என்ர பேரில ரெண்டாவது தரமாட்டாங்கள். உங்களுக்கு ஜெராமில கொக்கோ காணி இருக்குத்தானே? அணில், குரங்கு தின்னுது எண்டு எழுதினால் உங்களுக்குத் தருவாங்கள்."

மகாதேவா பத்திரிகையை மூடித் திருப்பித் தள்ளினார். ஆனந்தராஜா சுருட்டைத் தட்டிவிட்டு எழுந்தார். "உங்கட எக்ஸ்டென்ஷன் விசயமும் என்ர மேசையிலதான் கிடக்கு அண்ணை" என்றார். அவ்வளவுதான். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

மகாதேவாவுக்கு இன்னும் இரண்டே வருடத்தில் ஐம்பத்தைந்து. அன்றோடு வேலையும் போகும், தோட்டத்து வீடும் போகும். ஒரே மகள் வாகீஸ்வரி மதராசில் டாக்டருக்குப் படிக்கிறாள், முதல் வருடம். ஐம்பத்தைந்துக்கு மேல் மூன்று வருடம் வேலை நீடித்தால் அவள் படிப்பு முடிந்துவிடும். நீடிக்காவிட்டால் பாதியில் திரும்பி வர வேண்டியதுதான்.

"அணில் கலைக்க உந்தத் துவக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டார் மனைவி இரத்தினம்மா.

"ஒரு கையெழுத்துத்தானே" என்றார் மகாதேவா. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவன் எவனும் இப்படித்தான் சொல்லியிருப்பான்.

விண்ணப்பத்தை மலாயில் எழுத வேண்டும். மகாதேவாவின் ஆங்கிலம் இங்கிலாந்துக்காரனையே திருத்தும். மலாய் சந்தைக்கு மட்டும் போதும். என்ன வகைத் துப்பாக்கி என்று கேட்டிருந்த இடத்தில், ஊரில் எல்லாரும் சொல்கிறபடி 'செனாப்பாங் பாத்தா' என்று எழுதிவிட்டார். தோட்டத்தில் எந்த வேட்டைத் துப்பாக்கிக்கும் அதுதான் பேர். ஏழு மாதம் கழித்து லைசென்ஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் துப்பாக்கிக் கடைக்குப் போனால், கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். 'பாத்தா' என்றால் நடுவில் மடங்கித் திறக்கிற துப்பாக்கி. மேனேஜர் கேட்டதில் பிடிதான் மடங்கும், குழல் மடங்காது. இந்தக் காகிதத்துக்கு அதைக் கொடுத்தால் கடையையே மூடிவிடுவார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம். கோல சிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன், வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இதை வைத்து அணில் சுட்டால் அணிலில் என்ன ஐயா மிஞ்சும்?" என்று மலாயில் கேட்டார். காட்டுப்பன்றியும் வருகிறது என்று சொன்னார் மகாதேவா. அவருடைய கொக்கோ காணியில் பன்றி வந்து யாரும் பார்த்ததில்லை. சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது அவருக்கு. வெளியே வந்து குழாயடியில் கழுவவும் செய்தார்.

இரண்டாவது லைசென்ஸ் வந்தபோது துப்பாக்கி இல்லை. கோலாலம்பூர் கடைக்காரர் கையை விரித்தார். மகாதேவா ஈப்போவுக்கு எழுதினார், பதில் இல்லை. பினாங்கில் ஒரு கடையில், வேறொருவர் சொல்லிவைத்து வாங்காமல் விட்டது ஒன்று இருக்கிறது என்று கடைசியில் கடிதம் வந்தது. தன் வருடாந்திர லீவைப் போட்டுவிட்டு, ரவாங்கில் ரயில் ஏறி, பினாங்கு போய், காகிதமெல்லாம் சரிபார்த்து வாங்கினார். திரும்பும்போது எதிரே இருந்த அம்மாள், நீளப் பெட்டியைப் பார்த்து, "வயலினா?" என்று கேட்டாள். "ஓம்" என்றார் மகாதேவா. அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கச்சேரியைப் பற்றி ரவாங் வரை பேசிக்கொண்டு வந்தாள்.

பெட்டி நேராக மேனேஜர் பங்களாவுக்குப் போனது. சட்டப்படி அது கிராணியார் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "உங்கட வீட்டுப் பூட்டு நல்லதில்லை அண்ணை" என்றார் ஆனந்தராஜா. அடுத்த ஞாயிறு பங்களாவில் விருந்து. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி, கார்மேல் ஒரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார் மேனேஜர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. லைசென்சில் இருந்த பேருக்கு அந்த விருந்தில் உட்கார ஒரு நாற்காலி போடவில்லை.

பிறகு அந்தத் துப்பாக்கியால் ஆன வேலையைச் சொல்ல வேண்டும். எண்பத்தாறில் கம்பெனி டைரக்டர்கள் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்கள் அவர்கள் காரைப் பார்த்துக் குரைக்கக் கூடாதாம். நாய்களைக் கட்டிவைக்கச் சொல்லியிருந்தால் ஜனங்கள் கட்டியிருப்பார்கள். ஆனந்தராஜா சொல்லவில்லை. பட்டப்பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில், லயத்துக்குள் நடந்து போய்ச் சுட்டார். அம்சவள்ளி என்று ஒருத்தி, உதிரிப் பழம் பொறுக்குகிறவள், வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் படுத்திருந்த நாயைச் சுட்டார். நாய் ஊர்ந்து போய் வாசற்படியில் தலையை வைத்துச் செத்தது. தண்ணீர்த் தொட்டியில் நாலு ஓட்டை. ஓர் ஈயக் குண்டு அவள் கெண்டைக்காலில் ஏறிவிட்டது. மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

அம்சவள்ளி காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் பஸ் ஏறிப் போய் போலீசில் எழுதிவைத்தாள். யார் துப்பாக்கி என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். மகாதேவாவைக் கூப்பிட்டு ஆள் வந்தது.

"நீங்கள் சுட்டதாச் சொல்லுங்கோ அண்ணை" என்றார் ஆனந்தராஜா. "விசர் நாய், பிள்ளைகளைக் கடிக்க வந்தது, சுட்டனான் எண்டு சொல்லுங்கோ." மேசைமேல் எக்ஸ்டென்ஷன் கடிதம் இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை. மகாதேவாவுக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று இருந்தது. "சரி, சேர்" என்றார்.

நிலையத்தில் அதே சார்ஜன். சுவரோரப் பெஞ்சில் அம்சவள்ளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டுத்துணியில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் பாடம் பண்ணி வந்தது மகாதேவாவுக்கு மறந்துபோனது. "நான் சுடவில்லை. மேனேஜர்தான் சுட்டார். துப்பாக்கி அவருடையது, பேர் மட்டும்தான் என்னுடையது" என்று மளமளவென்று கொட்டிவிட்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு நன்றாக வந்தது.

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் துப்பாக்கி இன்னொருவர் கையில் இருந்தது என்று நான் எழுதினால், முதலில் கோர்ட்டுக்குப் போவது நீங்கள்தான். சிறைகூடக் கிடைக்கும். நீங்களே நாயைச் சுட்டதென்றால் அபராதம், லைசென்ஸ் போகும், துப்பாக்கி போகும். எதை எழுத?"

சுவரில் மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். மகாதேவா குரைத்தார்.

"நான்தான் சுட்டேன்."

இரண்டையும் அம்சவள்ளி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளை விசாரிக்குமுன் சார்ஜன் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். அவள் பெஞ்சிலிருந்தே மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, தொர சுட்டத நான் கண்ணால பார்த்தேன். நான் என்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

மகாதேவா தரையைப் பார்த்தார். காலில் போட்டிருந்த சப்பாத்து புதிது, பினாங்கில் வாங்கியது.

"ஒங்க புள்ள படிக்குதுல்ல" என்றாள் அம்சவள்ளி. கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி லா. போய்ட்டுப் போவுது."

சார்ஜன் வந்து கேட்டபோது, "கிராணி ஐயாதான் சுட்டாரு, தெரியாம பட்டுருச்சு" என்று சொல்லி, கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டு பஸ்சுக்குப் போனாள். ஆனந்தராஜாவின் முகத்தையாவது மகாதேவா சகித்திருப்பார். இந்தப் பெண்ணின் இரக்கத்தைச் சகிக்க முடியவில்லை. ஒரே பஸ்சில் போக வெட்கப்பட்டு, அடுத்த பஸ்சுக்கு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. இரத்தினம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்களோ சுட்டனீங்கள்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அம்சவள்ளி கேட்டதையும், தான் தரையைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அதைவிட நாயைக் கொன்றவனாக இருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது.

"ஓம். நான்தான்."

"துவக்கை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டே உங்களுக்குத் தெரியாதே."

"தெரியும்."

இரத்தினம்மா சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். குரல் உயரவில்லை. "வாகீசின்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ. நான் பிறகு கேக்கேல்லை."

மகாதேவா கையைப் பார்த்தார். மடியில் கிடந்த கை மடியிலேயே கிடந்தது. சோறு ஆறியது. எக்ஸ்டென்ஷன் கடிதம் மறுநாள் காலையில் கையெழுத்தோடு வந்தது.